தம்பதியாகப் பனியாறு பார்க்கப் போகிறவர்களுக்கு: அலாஸ்காக் கப்பல் பயணம், ஒரு பெருந்துறைக்காரியின் வழிகாட்டி

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது கப்பல் எவ்வளவு பெரியது, நீச்சல்குளம் உண்டா, சாப்பாடு எப்படி என்பதைத்தான். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் பயண அட்டவணையை எடுங்கள். எந்த நாளில், எந்தப் பனியாற்றுக்கு முன்னால், எவ்வளவு நேரம் கப்பல் நிற்கப்போகிறது என்று தேடுங்கள். அந்த நாளுக்காகத்தான் இத்தனை செலவும் அலைச்சலும். மாதம், அறை, துணி, மருந்து, தூக்கம் எல்லாவற்றையும் அந்த நாளுக்குத் தோதாக முடிவு செய்யுங்கள்.

நான் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பனியாறு எப்படி நகரும், பாறையை எப்படிச் செதுக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டே பழகியவள். எங்கள் வீட்டுக்காரருக்குத் தென்னையும் மஞ்சளும்தான் உலகம். இப்படி ஒருத்தருக்கு ஆசையும் இன்னொருத்தருக்குத் தயக்கமும் இருக்கிற ஜோடிகள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தென்கிழக்கு அலாஸ்காவில் பெரிய கப்பல்கள் போய்ப் பார்க்கும் பனியாறுகளில் முக்கியமான இடம் கிளேசியர் பே தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் போன்ற கம்பெனிகளின் பயணங்களில் அது அடிக்கடி இருக்கும். மற்றவை ஹப்பர்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழிக்கோ போகும். ஹப்பர்டும் லேசுப்பட்டதில்லை. நீளம் சுமார் 122 கிலோமீட்டர், கடலைத் தொடும் முகப்பு பத்துக் கிலோமீட்டர் அகலம். உலகத்துப் பனியாறுகள் பெரும்பாலும் பின்வாங்கும் காலத்தில் இது முன்னேறி வருகிறது. 1986-லும் 2002-லும் பக்கத்துக் கடற்கழியின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. ஆனால் அங்கே மிதக்கும் பனி அதிகமானால் கப்பல் தள்ளியே நின்றுவிடும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கிளேசியர் பேயை எடுங்கள். பகல் முழுவதும் உள்ளேயே இருக்கலாம்.

பயணம் இரண்டு விதம். கனடாவின் வான்கூவரிலோ அமெரிக்காவின் சியாட்டிலிலோ ஏறி ஏழு இரவில் அங்கேயே திரும்பி வந்து இறங்குவது ஒன்று. வான்கூவரில் ஏறி வடக்கே விட்டியர் அல்லது சூவர்ட் துறைமுகத்தில் இறங்கும் ஒருவழிப் பயணம் இன்னொன்று. ஒருவழிப் பயணத்தில் பெரும்பாலும் கிளேசியர் பேயுடன் ஹப்பர்டோ காலேஜ் ஃபியார்ட் என்ற கடற்கழியோ சேர்ந்து வரும். இதில் எங்களுக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன். வடக்கே போகும் ஏழு இரவையும், அதே கப்பல் தெற்கே திரும்பும் ஏழு இரவையும் சேர்த்துப் பதினாலு இரவாகப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே அறையைக் கேட்டு வாங்கிவிட்டால் நடுவில் பெட்டி கட்டும் வேலையே இல்லை. பனியாற்று நாள் இரண்டு தடவை கிடைக்கும். மேகமும் மழையும் எப்போது வந்து மூடும் என்று சொல்ல முடியாத கடற்கரை அது. ஒரு தடவை மூடினாலும் இன்னொன்று கையில் இருக்கும். விசாவும் விமானமும் எப்படியும் ஒரு செலவுதான். அவ்வளவு தூரம் போன பிறகு ஏழு நாளில் திரும்பாதீர்கள்.

மாதம். சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். மே, ஜூனில் மழை கொஞ்சம் குறைவு, மலைகளில் பனி மிச்சமிருக்கும், மே மாதக் கட்டணமும் பொதுவாகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் குளிர் தணியும், திமிங்கிலம் நன்றாகத் தென்படும், கூட்டமும் கட்டணமும் ஏறும். செப்டம்பரில் மழை கூடிவிடும். ஆனால் கிளேசியர் பேக்குள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற கிளைக்கழி, சீல் என்ற கடல்நாய்கள் குட்டி போடும் காலம் என்பதால் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பெரிய கப்பல்களுக்கு மூடியிருக்கும். செப்டம்பரில் திறந்துவிடுவார்கள்.

நம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்கு வேறு கணக்கும் உண்டு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அப்புறம் வீட்டுக்காரரைத் தோட்டத்தை விட்டு நகர்த்த முடியாது. வைகாசியும் ஆவணியும் கல்யாண மாதங்கள். ஆடியில் விசேஷம் இருக்காது என்றாலும் கட்டணம் உச்சத்தில் நிற்கும். எல்லாம் கூட்டிக் கழித்து நாங்கள் பிடித்தது ஆனி. என் தம்பி மாட்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட பிறகே பணம் கட்டினோம். தோட்டத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த ஆள் வந்து கூடவே வேலை பார்க்கட்டும். அப்போதுதான் போகிறவர் மனது கப்பலில் நிற்கும்.

விசாவுக்கு ஒரு வருடம் முன்பே இறங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா, கனடா இரண்டு விசாவும் வேண்டும். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கினாலும் கனடா விசா தேவைப்படும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும் என்று 1886-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்காகவே கப்பல் கனடாவின் விக்டோரியாவில் கொஞ்ச நேரம் நிற்கும். அமெரிக்க விசா நேர்காணலுக்குச் சென்னை போகவேண்டும். கணவனும் மனைவியும் ஒரே நாளில் நேரம் வாங்குங்கள். தோட்டத்துச் சிட்டா, பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் போதும். விசா கைக்கு வந்த பிறகு பெரிய பணத்தைக் கட்டுங்கள். இரண்டு விசாவும் பலமுறை நுழையக்கூடியவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கனடாவிலிருந்து அமெரிக்கா போய் மறுபடி கனடா வருவீர்கள்.

விமானத்துக்குக் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பார்க்கலாம், இல்லையென்றால் பெங்களூரு, சென்னை. எந்த வழியானாலும் எல்லாக் கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும். கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே வான்கூவர் சேர்ந்துவிடுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு நாள் தூங்கி எழுந்தால் உடம்பும் அங்கத்து நேரத்துக்கு வந்துவிடும்.

பணத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் போடும் கட்டணம் ஒரு ஆளுக்கு, அதுவும் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில். அதற்கு மேல் துறைமுக வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ், இணையம், குளிர்பானம், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் தனி. டிப்ஸ் என்பது ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் தானாகவே கணக்கில் ஏறும். இரண்டு பேருக்குப் பதினாலு நாள் என்றால் கணிசமான தொகை, முன்பே ஒதுக்கிவிடுங்கள். கப்பலில் எல்லாம் அட்டை வழியாகத்தான். வெளிநாட்டில் செல்லும்படி கிரெடிட் கார்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறியவுடன் செல்போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் சொந்த அலைவரிசையில் போன் ஒட்டிக்கொண்டால் பில் கடுமையாக வரும்.

அறையைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. பால்கனி அறைக்கு ஏழு இரவுக்குக் கொடுக்கும் பணம் கையில் இருந்தால் அதைச் சன்னல் அறையின் பதினாலு இரவுக்கு மாற்றுங்கள். பால்கனியில் உட்கார்ந்தால் கப்பலின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். பனியாற்றை மேல்தளத்தில் திறந்த வெளியில் நின்று பார்க்கவேண்டும். நடக்கவே முடியாதவர் கூட வருகிறார் என்றால் மட்டும் பால்கனி எடுங்கள். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. கட்டிலை ஒன்றாகப் போடவேண்டுமா, பிரித்துப் போடவேண்டுமா என்று பதிவின்போதே சொல்லிவிடலாம்.

வான்கூவரிலிருந்து போகும் கப்பல் தீவுகளுக்கு நடுவே உள்வழியாகப் போவதால் பெரும்பாலும் ஆடாது. அலாஸ்கா வளைகுடாவைத் தாண்டும் இரவில்தான் அலை தெரியும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சி மொரப்பாவும் கையில் இருக்கட்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் மாத்திரை முழுப் பயணத்துக்கும், மேலே பத்து நாளுக்கும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், மருந்தின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு. காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காமல் எழுதி, அவசரத்துக்குக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் செலவும் சேர்ந்த பாலிசியாக எடுங்கள். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

துணிக்கு நாம் எங்கும் தேடவேண்டியதில்லை. பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சமாக வரும் குளிர்த்துணி நல்லதாகவே கிடைக்கும். ஒரே தடித்த கோட்டை நம்பாமல் அடுக்கடுக்காகப் போடவேண்டும். உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத தொப்பி வைத்த மழைக்கோட்டு. உள்ளே போடுவது பருத்தியாக இருக்கக்கூடாது. நம் ஊருக்குப் பருத்தி மாதிரி எதுவும் வராது, ஆனால் குளிரில் பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ வாங்குங்கள். குல்லா, கையுறை, கம்பளிச் சாக்ஸ் கட்டாயம். குடை வேண்டாம், தளத்துக் காற்றில் நிற்காது. சேலை உடுத்திப் பழகியவர்கள் பகலுக்குச் சுடிதாரும் தெர்மலுமாக மாறிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அலங்காரமாக வரச்சொல்லும் நாள் ஒன்றிரண்டு இருக்கும். நான் பட்டுச்சேலையிலும் அவர் வேட்டி சட்டையிலும் போனோம், மரியாதையாகத்தான் நடத்தினார்கள். சென்னிமலைப் போர்வை ஒன்றும் எடுத்துப் போனோம். மழையில்லாத நேரம் தளத்து நாற்காலியில் இரண்டு பேரும் மடியில் போட்டு உட்காரத் தோதாக இருந்தது.

சாப்பாடு. பதிவு செய்யும்போதே சைவமா அசைவமா, மாட்டிறைச்சி பன்றியிறைச்சி வேண்டாமா என்று எழுதிக் கொடுங்கள். முதல் நாள் இரவே மேசைப் பொறுப்பாளரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். சொன்னால் மறுநாளுக்குப் பருப்பும் காய்கறியும் தனியாகச் செய்து தருகிறார்கள். சோறு எப்போதும் கிடைக்கும். பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, ஊறுகாய் சீல் வைத்த பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். நெய்க்குப் பதிலாக அங்கே வெண்ணெய் இருக்கிறது. சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். பழம், விதை, கறி எதுவும் வேண்டாம். மின்கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ அபாயம் என்று கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள். ஒரு ஸ்டீல் பிளாஸ்க் போதும். சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் பிடித்து, சுக்குப்பொடியும் கருப்பட்டியும் கலந்து மேல்தளத்துக்குக் கொண்டுபோய்விடலாம். குளிரில் அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

இனி கணவன் மனைவி விஷயம். சன்னல் அறை என்பது நம் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கால்வாசிகூட வராது. நாள் முழுக்க இருவரும் ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்துப் பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்து தளத்தைச் சுற்றி நடப்பார். ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் நான் தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழுவேன். காலைச் சாப்பாட்டில் சந்தித்து, யார் என்ன பார்த்தோம் என்று பேசிக்கொள்வோம். அவர் பார்த்த திமிங்கிலங்கள் என்னைவிட அதிகம். வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வையுங்கள். அலாஸ்காவில் காலை ஏழு மணி என்றால் நம் ஊரில் இரவு எட்டரை. பால் கறந்து முடித்து எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். ஒரு தடவை பேசித் தோட்டத்துச் சேதி கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுவதும் அவர் நிம்மதியாக இருப்பார். யாருக்கு முட்டி வலி அதிகமோ அவருடைய நடைக்கு ஏற்றபடி கரைச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும் முன் ஒரு மாதமாவது இருவரும் சேர்ந்து வாய்க்கால் மேட்டில் நடந்து பழகுங்கள்.

பனியாற்று நாளுக்கு முந்தைய இரவு எந்த நிகழ்ச்சிக்கும் போகாமல் சீக்கிரம் படுத்துவிடுங்கள். கிளேசியர் பேயின் வாயில் காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கயிற்று ஏணியில் கப்பலுக்குள் ஏறுவார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதிலும் சொல்வார்கள். அவர்களிடம் பூங்கா வரைபடம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த விரிகுடா வெறும் எட்டுக் கிலோமீட்டர் உள்வாங்கல்தான். அதற்கு அப்பால் பனிச்சுவர் நின்றது. 1916-க்குள் அந்தப் பனி வாயிலிருந்து 105 கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போகும் தூரம். அத்தனையும் ஒரு காலத்தில் பனி நின்ற இடம் என்ற நினைப்போடு போனால் கரையில் மரம் எப்படி மாறுகிறது என்பது புரியும். வாயருகே பெரிய காடு, உள்ளே போகப் போகப் புதர், கடைசியில் வெறும் பாறை. பனி விட்டுப்போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அந்தப் பச்சையே காட்டிவிடும். ஹூனா லிங்கிட் என்ற பழங்குடி மக்கள் இங்கே குடியிருந்தவர்கள். முன்னேறி வந்த பனி அவர்களை ஊரை விட்டுத் துரத்தியது. 2016-இல் அதே கரையில் அவர்களுடைய மரபு இல்லம் திறக்கப்பட்டது. இதைக் கேட்டபோது வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது சட்டென்று உறைக்கிறது.

மதிய வாக்கில் கப்பல் மார்ஜரி பனியாற்றின் முன் நிற்கும். தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய 250 அடி உயரம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டும் என்பதால் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு வேண்டாம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டு, கழிவறை போய்விட்டு, பிளாஸ்க்கோடு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். ஆளுக்கொரு பைனாகுலர் வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். ஒன்றை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தால் பனி உடையும் நேரத்தில் அது மற்றவர் கையில்தான் இருக்கும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

உடைவதைப் பார்க்க ஒரு வழி உண்டு. சத்தம் கேட்டபின் திரும்பினால் தாமதம். அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேர ஒன்றரை நொடி ஆகும், அதற்குள் விழுந்திருக்கும். முகப்பு முழுவதையும் துழாவாமல், சின்னச் சின்னத் துண்டாக உதிரும் ஒரு இடத்தைப் பிடித்து அங்கேயே கண்ணை வையுங்கள். பெரிய துண்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. "அம்மிணி, அந்தப் பொடி உதுருதுல்ல, அங்கயே பாரு" என்று அவர்தான் முதலில் கண்டார். வீட்டுச்சுவர் அளவுக்கு ஒரு பாளம் அப்படியே சாய்ந்து தண்ணீருக்குள் போனது. அப்புறம் இடி போல ஒலி, அப்புறம் அலை. உடைந்த இடம் ஆழ்ந்த நீலமாக இருந்தது. பல வருடத்துப் பனி தன் பாரத்தாலேயே அமுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிக் கெட்டியாகும்போது, வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கி நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நீலத்தை நேரில் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேகமூட்டமான நாளில் நீலம் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பதால் வெயில் இல்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். முதல் பத்து நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

துறைமுகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு, நகரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். நக்கெட் அருவி வரைக்கும் போகும் பாதை சமதளம், முட்டி வலிக்காரரும் மெதுவாகப் போகலாம். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்குவதும் உண்டு, விலை அதிகம், வானிலை கெட்டால் ரத்து. ஸ்காக்வேயில் வெள்ளைக் கணவாய் ரயிலில் ஏறுங்கள். 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த பாதை, நம் மேட்டுப்பாளையம் குன்னூர் ரயிலின் காலத்தது. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஈரோட்டு மழையைப் போல ஐந்து மடங்கு. நனைவோம் என்று முடிவு செய்துகொண்டே இறங்குங்கள். எந்த ஊரிலும் கப்பலுக்குத் திரும்பவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளைச் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட், மருந்து, மறுநாள் உடை மூன்றும் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். கப்பல் காலையிலேயே வான்கூவர் வந்தாலும் இறங்கி வெளியே வர நேரமாகும், ஊர் திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்கு மேல் போடுங்கள். ஊர் வந்ததும் பயண ஏஜென்டிடம் டிசிஎஸ், அதாவது பயணப் பணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம், வரி வராதவர்கள் திரும்பப் பெறலாம்.